இரண்டு சாண் மஞ்சள் துணி

மண்ணூர்பேட்டை,
10.11.2025, திங்கள்.

நாகேந்திரன் சாருக்கு,

சுலோசனா எழுதுகிறேன். மில் செக்‌ஷன் லைன் லீடர் சுலோசனா. எங்களையெல்லாம் மறக்கத்தானே சேஃப்டி ஆபீசர் வேலையே வேண்டாமென்று போனீர்கள், அதனால் யாரென்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். போனில் ஏழு முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆபீஸ் சித்ராவிடம் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் காட்டுப்பாக்கம் முகவரியை வாங்கினேன். மண்ணூர்பேட்டைக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் ஒரு மணி நேரம் கூட ஆகாது, நேரில் வந்திருக்கலாம். வந்தால் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி கையில் இது கிடைத்தாலும் கிடைக்கட்டும், அவருக்கும் புரியும்படி சொல்கிறேன். எங்களுடையது ரப்பர் மில். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்து உள்பக்கமாகச் சுற்றும். நடுவில் ரப்பரைக் கையால் தள்ளிப் பிசைய வேண்டும். கை மாட்டினால் நிறுத்துவதற்குத் தலைக்கு மேல் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. இழுத்தால் உருளை நின்றுவிடும். அக்டோபர் மூன்றாம் தேதி, ஆயுத பூசை லீவு முடிந்த முதல் நாள், காலை பத்து இருபதுக்குக் கோமளாவின் கோட்டுக் கை ரப்பரோடு சேர்ந்து உள்ளே போனது. கயிறு இழுபடவில்லை. அந்தக் கோடியில் இருக்கிற மெயின் சுவிட்சுக்கு நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் தோள் வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவளே போய்விட்டாள்.

நீங்கள் எழுதிய அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். 'ஊழியர் கோமளா பதற்றத்தின் காரணமாக அவசரக் கயிற்றை இழுக்கத் தவறினார்.' தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். கோமளாவா பதறுகிறவள்? போன வருஷ மழைக்கு கேன்டீனில் பாம்பு வந்தபோது ஆம்பளைகள் எல்லாம் மேஜை மேல் ஏறினார்கள். "பாவம், அதுவும் மழைக்கு ஒதுங்கிகீது" என்று துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டவள் அவள். நீங்களும் மேஜை மேல்தான் இருந்தீர்கள் சார், ஞாபகமிருக்கிறதா?

அவள் வீட்டுக்காரர் பச்சையப்பன் வாரம் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கு வருகிறார். ஒரே கேள்விதான். "அவ ஏன்க்கா கயித்த இஸ்க்கல?" மூடியிருந்த அவளுடைய இடது கைக்குள் செண்டுமல்லி இதழ் இருந்ததாம். நர்ஸ் பிரித்து எடுத்துக் கொடுத்ததைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பூசைப் பூவைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டிருக்கிறாள், கயிற்றைப் பிடிக்கத் தோன்றவில்லை என்று ஊரே சொல்கிறது.

பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். ஆனாலும் எங்கள் பெண்கள் அந்த மில் பக்கம் போக மாட்டேன் என்கிறார்கள். பத்து இருபது ஆனால் கயிறு தானாக ஆடுகிறதாம். அதனால் கதையே தெரியாத புதுப்பெண் ஒருத்தியைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் நிஷா, இருபத்திரண்டு வயது, என் தோள் உயரம்கூட இல்லை. டிசம்பர் பதினைந்து முதல் அவள் அதில் நிற்க வேண்டும்.

நீங்கள் எழுதினதை நீங்களே மாற்றி எழுதுங்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சுலோசனா


காட்டுப்பாக்கம்,
17.11.2025

திருமதி சுலோசனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் அறிக்கையில் நான் பார்த்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன். விபத்து நடந்த அன்று மதியம் அதே இடத்தில் நின்று கையை உயர்த்தினேன். கயிறு உள்ளங்கைக்கு வந்தது. இழுத்தேன், மில் நின்றது. புகைப்படம் உள்ளது. கருவி நல்ல நிலையில் இருந்து, ஊழியர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு எப்படி எழுதுவது? ஆபத்து நேரத்தில் யாரும் பதறலாம். அது குற்றமில்லை. வேலையை விட்டது சொந்தக் காரணத்துக்காக.

இனி எழுத வேண்டாம் என்று முடிக்க நினைத்தேன். முடிக்க முடியவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

மாதாந்திரச் சோதனைக்காக ஜூன் மாதம் எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அதில் கயிற்றின் நடுவில் மஞ்சளாக ஏதோ தொங்குகிறது. துணி போலத் தெரிகிறது. அக்டோபர் படத்தில் அது இல்லை. எடுத்தபோது நான் கவனிக்கவே இல்லை. இப்போது ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறேன். அது என்ன?

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. லிஃப்டில் நிற்கும்போதும் டூவீலரில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போதும் என் இடது கை தானாக மேலே போகிறது. என் மனைவி ரேஷ்மா பார்த்துவிட்டு, "யாருக்குக் கை காட்டுறீங்க?" என்கிறாள்.

நாகேந்திரன்


மண்ணூர்பேட்டை,
22.11.2025

நாகேந்திரன் சாருக்கு,

உள்ளங்கைக்கு வந்ததாம். உங்கள் உயரம் என்ன சார்? ஐந்தடி பத்து இருப்பீர்களா? கோமளா நாலடி ஒன்பது. நாலடி ஒன்பதுக்கு உள்ளங்கை எங்கே இருக்கும் என்று படிப்பில் சொல்லித்தரவில்லையா?

நேற்று டீ நேரத்தில் யாரும் இல்லாதபோது டேப் வைத்து அளந்தேன். கயிறு தரையிலிருந்து ஆறடி மூன்று அங்குலம். அதுவும் நேராகத் தலைக்கு மேல் இல்லை, உருளைப் பக்கமாக ஓரடி தள்ளி. நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்று பார்த்தீர்கள். அவளுக்கு வலது கை உள்ளே. ஒரு கை உள்ளே போனவள் நிமிர்ந்தா நிற்பாள்? இடுப்பு மடங்கி, முகம் ரப்பர் மேல் இருக்கும். அங்கிருந்து இடது கையை மேலே நீட்ட வேண்டும்.

அந்த மில்லை வாங்கியபோது அதில் நின்றவர்கள் பழைய ஆபரேட்டர் ஜம்புலிங்கம் மாதிரி உயரமான ஆம்பளைகள், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து போகிறவர்கள். அவர்கள் வேறு கம்பெனிக்குப் போனதும் எங்களை அதில் நிற்க வைத்தார்கள். ஆளை மாற்றினார்கள், கயிற்றை மாற்றவில்லை. கோட்டும் அவர்களுடைய அளவுதான். கையை இரண்டு மடிப்பு மடித்துப் போடுவோம். அன்றைக்கு அவளுடைய மடிப்பு அவிழ்ந்து தொங்கியிருக்கிறது. 'கோட்டுக் கையைச் சரியாக அணியவில்லை' என்று அதற்கும் ஒரு வரி எழுதினீர்களே, மவராசனாக இருங்கள். ஷூவுக்குள் பழைய துணி திணித்துப் போட்டுக்கொள்கிறோம், தெரியுமா? கேட்டதுண்டா? கிளவுஸில் விரல் முடிந்த பிறகும் அரை விரல் நீளம் சும்மா ஆடும். கோமளா அதை எங்களுக்கு ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

மஞ்சள் துணி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஏதாவது கந்தையாக இருக்கும். நீங்கள் துணியைத் தேடாமல் நோட்டீஸை மாற்ற வழி தேடுங்கள்.

நிஷாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

சுலோசனா


காட்டுப்பாக்கம்,
28.11.2025

சுலோசனா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ரேஷ்மாவிடம் காட்டினேன். அவள் கொடிக்கயிற்றை எடுத்து ஹால் ஜன்னலுக்கும் பரண் கொக்கிக்கும் நடுவே ஆறடி மூன்று அங்குலத்தில் கட்டச் சொன்னாள். கயிற்றிலிருந்து ஓரடி விலக்கிச் சாப்பாட்டு மேஜையைப் போட்டு, தன் வலது கையை அதில் வைத்து, "அமுக்கிப் பிடிங்க, விடவே கூடாது" என்றாள். பிடித்தேன். இடது கையால் எட்டிப் பார்த்தாள். முடியவில்லை. "குதிக்கட்டுமா?" என்று கேட்டாள். கை மாட்டியிருக்கிறது, குதிக்க முடியாது என்றேன். இன்னொரு முறை நுனிக்காலில் எம்பினாள். ஒரு சாண் குறைந்தது. ரேஷ்மா ஐந்தடி. கோமளாவை விட மூன்று அங்குலம் அதிகம்.

கையை விட்ட பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள், "அங்க வேலை செய்யிற பொண்ணுங்கள்ல ஒருத்தியையாவது இப்படி நிக்க வச்சுப் பாத்தீங்களா?" இருபத்தாறு மாதம், மாதம் ஒரு முறை, 'அவசரக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாருடைய கை என்று அந்தத் தாளில் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அறிக்கையை மாற்றத் தயாராக இருக்கிறேன். ஆனால் ஜூன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அக்கா. அது கந்தை இல்லை. மேலே முடிச்சு இருக்கிறது, கீழே கை நுழையும்படி வளையம் இருக்கிறது. யாரோ கயிற்றைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளக் கட்டியது. அது இருந்திருந்தால் கோமளாவுக்கு எட்டியிருக்கும். கயிறு எட்டாது என்று நான் எழுதினால், 'ஜூன் மாதம் எட்டியதே' என்று கம்பெனியில் இதே படத்தைக் காட்டுவார்கள். அதன் நகல் அவர்களிடமும் இருக்கிறது.

யார் அவிழ்த்தது? யாரையும் மாட்டிவிடக் கேட்கவில்லை. உங்கள் போன கடிதத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் அங்குலக் கணக்கு இருந்தது. துணிக்கு மட்டும் ஒற்றை வரிதான் இருந்தது.

நாகேந்திரன்


மண்ணூர்பேட்டை,
5.12.2025

தம்பி நாகேந்திரனுக்கு,

ஐந்து நாளாக மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். கம்பெனி லீவு. எழுதாமல் தப்பிக்க ஒரு சாக்கும் இல்லை.

அவிழ்த்தது நான்தான்.

அது கோமளாவின் பழைய சுடிதார் துப்பட்டாவில் கிழித்தது. மில்லுக்கு வந்த முதல் வாரமே கட்டிவிட்டாள். இரண்டு சாண் நீளம். "இன்னாடி இது, தூளி கட்டிகீற?" என்று நானே கேலி செய்தேன். "எனுக்கு எட்டலக்கா, அதான் கயித்துக்கு ஒரு கை வெச்சிகீறேன்" என்றாள். தினமும் காலையில் மில்லை ஓடவிட்டு, அதை ஒரு தடவை இழுத்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ரப்பரைத் தொடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகச் செய்துகொண்டது.

செப்டம்பர் முப்பது சாயங்காலம் பூசைக்காக மெஷினெல்லாம் கழுவினோம். அந்தத் துணி கரி பிடித்துப் பிசுக்கென்று இருந்தது. மறுநாள் முதலாளி வீட்டம்மா வருவார்கள், சந்தனம் குங்குமத்துக்கு நடுவே இந்தக் கந்தலா என்று அவிழ்த்தேன். எறியவில்லை. துவைத்துக் கொண்டுவந்து கட்டலாம் என்று டிபன் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சோப்புப் போட்டுத் துவைத்து, மஞ்சள் நிறம் திரும்ப வருகிற வரைக்கும் கசக்கி, மாடிக் கொடியில் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அது கொடியில் ஆடியது. பார்த்தேன் தம்பி. மேலே ஏற நேரமாகிவிடும், நாளைக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

இன்னும் இருக்கிறது, படியுங்கள். துணி இருந்த இடம் வெறிச்சென்று தெரிந்ததால் அதே இடத்தில் ஒரு முழம் செண்டுமல்லியைத் தொங்கவிட்டேன். பூசைப் பூவை நாம் எடுக்க மாட்டோம், அதுவாக உதிரட்டும் என்று விடுவோம். வெள்ளிக்கிழமையும் அது தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லேட்டாக ஆரம்பித்ததால் நான்தான் அவளை விரட்டினேன். இழுத்துப் பார்க்காமலே ரப்பரைப் போட்டாள்.

முகம் கீழே இருக்கும்போது மேலே என்ன தொங்குகிறது என்று தெரியாது. கை மட்டும் பழகிய இடத்துக்குப் போகும். போயிருக்கிறது. தொங்கியதைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அது அறுந்துபோயிற்று. அவள் சாமியைக் கூப்பிடவில்லை, பதறவும் இல்லை. இழுத்தாள் தம்பி. இழுத்தது கயிறு என்று நினைத்து இழுத்தாள். கையில் பூ வந்ததும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பச்சையப்பன் கேள்விக்கு அன்றிலிருந்தே எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டேதான் உங்களைத் திட்டி எழுதினேன். துணி என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. இந்த மழையில் அது ஈரமாக இருப்பது போலவே தோன்றுகிறது, எடுத்துத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கிறது.

நீங்கள் இதை எழுதுங்கள். என் பெயரையும் போட்டே எழுதுங்கள்.

சுலோசனா


காட்டுப்பாக்கம்,
9.12.2025

அக்கா,

நேற்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் நேரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. 'கயிறு பெண் ஊழியர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அவர்கள் தாங்களாகவே ஒரு துணியைக் கட்டிச் சமாளித்து வந்தனர், பாதுகாப்பு அலுவலராக இருந்த நான் அதைக் கண்டும் கவனிக்கவில்லை' என்ற வரிக்குப் பிறகுதான் துணி அவிழ்ந்த கதை வருகிறது. பூவும் வருகிறது. உங்களைக் காப்பாற்ற அப்படி எழுதவில்லை. ஒரு உயிர் துணி முடிச்சில் தொங்கியது என் வேலையில் நடந்த தப்பு.

நீங்கள் சொன்னதால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மதியம் படம் எடுக்கும் முன் மில்லுக்குக் கீழே தரையில் செண்டுமல்லி சிதறிக் கிடந்தது. அரை முழம் சரம் நார் அறுந்து தனியாகக் கிடந்தது. படம் சுத்தமாக வர வேண்டும் என்று காலால் ஒதுக்கிவிட்டேன். ஷூவில் இதழ் ஒட்டியது, வாசல் மிதியடியில் தேய்த்தேன். சாட்சியே அதுதான் என்று உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. தேய்த்தது மட்டும் தினமும் ஞாபகம் வந்தது. ஏன் வருகிறது என்றுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவதாகச் சொன்னார்கள். உங்களை விசாரிப்பார்கள், வேலைக்குச் சிக்கல் வரலாம். எனக்கும் வேறு இடத்தில் இந்த வேலை கிடைப்பது இனி கஷ்டம். அது இருக்கட்டும். நிஷாவை மில்லில் நிற்க வைக்கும் முன் அவளுடைய வலது கையை யாராவது அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் இழுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் தாளை நம்பாதீர்கள். நீங்களே பிடியுங்கள்.

நாகேந்திரன்


மண்ணூர்பேட்டை,
20.12.2025

தம்பி நாகேந்திரனுக்கு,

வந்தார்கள், அளந்தார்கள், மில்லைப் பூட்டினார்கள். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது பழைய கயிறு இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி, உடம்பு சாய்ந்தாலே நின்றுவிடும். மேலே இன்னொரு கயிறு, நிஷாவை நிற்கவைத்து அவள் உயரத்துக்குக் கட்டியது. நான் அவள் வலது கையை மில் முன்னால் போட்ட மேஜையில் வைத்து முழு பலத்தோடு அமுக்கினேன். "வலிக்குதுக்கா" என்றாள். விடவில்லை. இழுத்தாள், நின்றது. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன். பத்து தடவை இழுக்க வைத்தேன். சூப்பர்வைசர் பாபு, "இன்னாக்கா, பொண்ண அழ வெச்சிடுவ போல" என்றார். அழுதது நான்தான் என்பதை அவர் பார்க்கவில்லை.

கோட்டு சின்ன அளவில் வருமாம். ஷூ இன்னும் வரவில்லை. என்னை லைன் லீடரிலிருந்து இறக்கி பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். போகட்டும். நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். புதிதாக எதுவும் ஒட்டவில்லை. போர்டில் பசை மட்டும் சதுரமாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் வீட்டுக்குப் போனேன். துணியையும் எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், விரட்டியது உட்பட. அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன், அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்ப இஸ்தாளா?" என்றார். "இஸ்தா" என்றேன். "எட்டுச்சா?" என்று கேட்டார். "துணி இருந்த எடத்துக்கு எட்டுச்சுப்பா" என்றேன். சாமி படத்துப் பக்கத்திலிருந்த இதழ்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் துணியை வாங்கி முகர்ந்தார். "தொவைச்சிட்டியேக்கா" என்றார். "அவ வாசன கொஞ்சூண்டு இருந்திருக்கும்."

நீங்கள் உங்கள் கை பற்றி எழுதினீர்களே, அதனால் சொல்கிறேன். பத்து இருபதுக்குப் புதுக் கயிறும் ஆடுகிறது. மில் அதிர்வில் ஆடுகிறது என்கிறார்கள், இருக்கலாம். பெண்கள் இப்போது பயப்படுவதில்லை. நிஷா அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பேக்கிங்கிலிருந்து டீ டம்ளரோடு எழுந்து போகிறேன். அதைப் பிடித்து, பூ ஏதும் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு முறை பார்க்கிறேன். ஆட்டம் நின்றதும் கையை எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

சுலோசனா